மீசை முளைக்கும் முன்



டிசம்பர் 11 அன்று எட்டயபுரத்தில் இருந்தேன். பாரதி பிறந்த வீட்டுக்கும் மணிமண்டபத்துக்கும் காலையிலிருந்தே பள்ளிப் பிள்ளைகள் வந்துகொண்டிருந்தார்கள். பாதிப் பேர் பாரதி வேஷம். வெள்ளை வேட்டி, வாடகைக்கு எடுத்த கறுப்புக் கோட்டு, வீட்டுத் துண்டில் கட்டிய முண்டாசு, கண்மையில் வரைந்த மீசை. பெண் பிள்ளைகளும் மீசை வரைந்திருந்தார்கள். பதினொரு மணி வெயிலுக்கு மீசைகள் ஒவ்வொன்றாகக் கரையத் தொடங்கின. ஒரு டீச்சர் கண்மை டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு, வரிசையில் நின்ற பிள்ளைகளின் மேலுதட்டைத் துடைத்துத் துடைத்துத் திரும்ப வரைந்துகொண்டிருந்தார்.

பிற்பகலில் கூட்டம் கலைந்துவிட்டது. கோவில்பட்டிக்கு 4.10 வண்டியைப் பிடிக்க வேண்டும் என்று நானும் கிளம்பினேன். வேப்பமரத்தடியில் ஒரு பையன் தனியாக உட்கார்ந்திருந்தான். பக்கத்துக் கிராமம், ஆறாம் வகுப்பு. முண்டாசை அவிழ்த்து மடியில் வைத்திருந்தான். ஒரு பக்க மீசை மட்டும் மிச்சம் இருந்தது.

"பாரதியார் உன் வயசுல என்ன செஞ்சுக்கிட்டு இருந்திருப்பாரு தம்பி?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் யோசித்தான். "தெரியல சார். ஆனா அப்ப மீசை இருந்திருக்காது."

அந்தப் பதில் அன்றிலிருந்து என்னை விடவில்லை. எத்தனையோ ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குப் பாரதி வேஷம் போடுகிறோம். வீட்டில் சுப்பையாவாக இருந்த பதினோரு வயதுப் பாரதியின் வேஷத்தை ஒரு பிள்ளைக்கும் போட்டுப் பார்த்ததில்லை. இந்த மாத ஆசிரியர் பக்கம் அந்தச் சுப்பையாவுக்கு. அவனோடு, ஆறு வயதுக்கும் பதினாறு பதினேழு வயதுக்கும் நடுவே நம் வீடுகளில் வளர்ந்துகொண்டிருக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும்.

கைக்குழந்தை என்றால் நமக்கு ஆயிரம் கவனம். தடுப்பூசி அட்டை இருக்கிறது, அங்கன்வாடியில் எடை பார்க்கிறார்கள், ஆச்சிக்கு ஒரு கைமருந்து தெரியும். ஆறு வயதில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்ட பிறகு நம் கேள்விகள் சுருங்கிவிடுகின்றன. சாப்பிட்டியா, படிச்சியா, எத்தனை மார்க்கு? பதிமூன்று வயது ஆனதும் அதுவும் போய், "இந்த வயசு அப்படித்தான்" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிறோம். பல் விழுந்து முளைத்து, எலும்பு நீண்டு, குரல் உடைந்து, உடம்பு வேறு உடம்பாகி, நட்பு, வெட்கம், நியாயம், அவமானம் எல்லாம் முதல்முறையாக அர்த்தமாகிற பத்து வருஷம் அது. அதைப் பற்றி நம் வீடுகளில் பேச்சே இல்லை.

சுப்பையா பிறந்தது 1882. ஐந்து வயதில் தாய் இலட்சுமி அம்மாள் காலமானார். தந்தை சின்னசாமி ஐயர் எட்டயபுரம் ஜமீனில் வேலை பார்த்தவர். கணக்கிலும் இயந்திரங்களிலும் பெரிய ஈடுபாடு உள்ளவர். கரிசல்காட்டுப் பருத்தியை நம்பி இந்த ஊரில் ஜின்னிங் ஆலை ஒன்றை எழுப்பினார். மகன் ஆங்கிலமும் கணிதமும் படித்துப் பெரிய உத்தியோகத்துக்குப் போக வேண்டும் என்று ஆசைப்பட்டார். தப்பான ஆசை இல்லை. தாயில்லாப் பிள்ளையை எப்படியாவது கரையேற்றிவிட வேண்டும் என்ற தகப்பனின் பயம் அந்த ஆசைக்குள் இருந்திருக்கும். பையனுக்கோ, கணக்கு என்ற சொல் காதில் விழுந்தால் மனசு அதற்கு எதுகை தேடிப் போய்விடும் என்று இந்த ஊரில் சொல்வார்கள். தெருப் பிள்ளைகளோடு சேர்ந்து விளையாடவும் அவனுக்கு அனுமதி இல்லை. அந்த ஏக்கத்தைப் பாரதி பின்னாளிலும் மறக்கவே இல்லை. 1910-இல் வெளிவந்த தன் சுயசரிதைக் கவிதையில் அதை எழுதிவைத்திருக்கிறார். புதுச்சேரியில், வெள்ளைக்கார அரசாங்கத்தின் ஒற்றர்கள் வீட்டைச் சுற்றிக்கொண்டிருந்த நாட்களில், இருபத்தேழு இருபத்தெட்டு வயது மனிதருக்குத் தெருவில் விளையாட முடியாமல் போன வலி நினைவில் இருந்திருக்கிறது. விளையாட்டு சின்ன விஷயம் என்று நினைக்கும் பெற்றோர் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஆனால் அந்தப் பையனுக்கு வீட்டுக்கு வெளியே ஒன்று கிடைத்தது. அவன் சொல்வதைக் கேட்கப் பெரியவர்கள் கிடைத்தார்கள்.

அன்றைய எட்டயபுரம் சின்ன ஜமீன் ஊர்தான். ஆனாலும் அதன் காற்றில் பாட்டும் சொல்லும் நிறைந்திருந்தன. சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் அடங்கியிருப்பது இந்த மண்ணில். முத்துசுவாமி தீட்சிதர் 1835-இல் கண்மூடியதும் இங்கேதான். சுப்பையா சிறுவனாகத் திரிந்த அதே நாட்களில், தீட்சிதர் பரம்பரையில் வந்த சுப்பராம தீட்சிதர் இந்த சமஸ்தானத்தில் இருந்தார். 1904-இல் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' என்ற பெருநூலாக வெளிவந்த இசைச் செல்வம் அத்தனையும் அவரிடம் இருந்தது. அரண்மனையில் புலவர்கள் கூடினார்கள், ஈற்றடி கொடுத்து வெண்பா பாடச் சொன்னார்கள். அந்தச் சபையில் ஒரு சிறுவனையும் உட்கார வைத்தார்கள். 1893-இல், பதினோரு வயதில், அவனுக்குப் 'பாரதி' என்று பட்டம் கொடுத்தார்கள்.

பட்டத்தைப் பற்றிப் பேசும்போது நாம் அவன் மேதைமையைத்தான் சொல்கிறோம். எனக்குத் தோன்றுவது வேறு. தாய் இல்லை, தெரு இல்லை, அப்பாவின் கணக்கில் மனம் செல்லவில்லை. அப்படிப்பட்ட ஒரு பிள்ளை வாயைத் திறந்தபோது, நரைத்த தலைகள் அவன் முடிக்கும்வரை பேசாமல் உட்கார்ந்து கேட்டன. அவனைச் சீண்டியவர்களும் அந்தச் சபையில் இருந்தார்கள். மட்டந்தட்ட ஈற்றடி கொடுத்த மூத்த புலவர் ஒருவரை அவர் அடியாலேயே சிறுவன் மடக்கிய கதையை இன்றும் சொல்வார்கள். மடக்க விட்டார்களே, அதுதான் பெரிது. கூடவே ஒரு தோழன். மூன்று வயது மூத்த சோமசுந்தரம், பின்னாளில் நாவலர் சோமசுந்தர பாரதியார். அவருக்கும் இதே ஊர், இதே பட்டம்.

இதையும் சொல்லிவிட வேண்டும். அந்த அரண்மனைக் கதவு ஊரிலுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் திறந்த கதவு அல்ல. அதே 1893-இல் இதே கரிசலில் ஆடு மேய்த்த பதினோரு வயதுப் பையன் எவ்வளவு நன்றாகப் பாடியிருந்தாலும் அவனை அந்தச் சபையில் உட்கார வைத்திருக்க மாட்டார்கள். அவன் பாட்டு காட்டோடு போயிற்று. சுப்பையாவுக்குக் கிடைத்ததை நான் இவ்வளவு பெரிதாகச் சொல்வது, அது கிடைக்காமல் போனவர்களையும் நினைத்துத்தான்.

எரிக் எரிக்சன் என்ற உளவியலாளர் 1950-இல் எழுதிய நூலில், மனித வாழ்வைப் பருவம் பருவமாகப் பிரித்து, ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு போராட்டம் உண்டு என்றார். பள்ளி வயதுப் பிள்ளையின் போராட்டம், "என்னால் ஒன்றைச் செய்ய முடியும்" என்ற தெம்புக்கும் "நான் எதற்கும் லாயக்கில்லை" என்ற எண்ணத்துக்கும் நடுவில். அடுத்து வரும் வளரிளம் பருவத்தின் கேள்வி, "நான் யார்?" முதல் கேள்விக்குப் பதில் கிடைக்காத பிள்ளை இரண்டாவது கேள்விக்குத் தடுமாறும். வீட்டில் அம்மா பாராட்டினால் பத்து வயதுப் பிள்ளைக்குப் போதாது. அம்மா எப்படியும் அப்படித்தான் சொல்வாள் என்று அதற்குத் தெரியும். வெளியிலிருந்து ஒருவர் சொல்ல வேண்டும்.

இதற்குப் பெரிய சாட்சி பசிபிக் கடலில் ஒரு தீவில் இருக்கிறது. ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் நாற்பது வயது வரை பின்தொடர்ந்தார்கள். வறுமை, குடிகாரத் தகப்பன், ஓயாத சண்டை, மனநோய் என்று எல்லாக் கஷ்டமும் சேர்ந்த வீடுகளில் வளர்ந்த பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்குப் பேர், அன்பும் பொறுப்பும் திறமையும் உள்ள மனிதர்களாக எழுந்து நின்றார்கள். எது அவர்களைத் தாங்கியது என்று தேடியபோது திரும்பத் திரும்பத் தென்பட்டது ஒன்று: அந்தப் பிள்ளையை நிபந்தனையில்லாமல் ஏற்றுக்கொண்ட ஒரு பெரியவர். பாட்டி, அத்தை, ஆசிரியர், பக்கத்து வீட்டுக்காரர். நம் ஊரில் இதற்கு ஆய்வு தேவைப்படாது. "எங்க சித்தப்பா இல்லேன்னா நான் இல்லை" என்று சொல்லும் மனிதரை உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

எனக்கு அப்படி ஒருவர் இருந்தார். பன்னிரண்டு வயதில் என் குரல் உடைந்தது. அதற்கு முன் பள்ளியில் காலை வழிபாட்டுப் பாட்டு நான்தான் பாடுவேன். ஒரு நாள் பாட்டின் நடுவே குரல் கிறீச்சிட்டது. பிள்ளைகள் சிரித்ததைக்கூடத் தாங்கியிருப்பேன், மேடையில் இருந்த ஆசிரியர் ஒருவரும் சேர்ந்து சிரித்தார். "கழுதைக்கு வயசாயிட்டுலே" என்றார். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கு அது ஒரு நிமிஷச் சிரிப்பு, அவ்வளவுதான். அதற்குப் பிறகு நான் பாடவில்லை, சபையில் வாய் திறந்து பேசவும் மாட்டேன். எங்கள் தெருமுனையில் ஒரு தையற்கடை. அந்த மாமாவுக்குக் கண்பார்வை மங்கிக்கொண்டு வந்தது. "ஏய், இங்க வா, பேப்பர படி" என்று கூப்பிட்டார். சாயங்காலம் தோறும் தினத்தந்தியை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை சத்தமாகப் படிப்பேன். குரல் மேலே போகும், கீழே விழும், அவர் கண்டுகொள்ள மாட்டார். கால் பெடலை மிதித்துக்கொண்டே இருக்கும். ஏதாவது ஒரு செய்தி பிடித்துவிட்டால், மெஷின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்துவார். அந்த அமைதிதான் எனக்கு மெடல். "திரும்பப் படி" என்பார். இன்று நான் இந்தப் பத்திரிகையில் உட்கார்ந்திருப்பதற்கு அந்தச் சக்கரம் நின்ற சாயங்காலங்களும் காரணம். அது தெருவைப் பார்த்துத் திறந்த கடை, போகிற வருகிற எல்லாருக்கும் நாங்கள் தெரிவோம். இதையும் சேர்த்துச் சொல்கிறேன், ஏனென்றால் இன்றைய பெற்றோருக்கு வெளியாட்கள் என்றால் ஒரு பயம் இருக்கிறது. நியாயமான பயம். பிள்ளையோடு ஒளிவுமறைவாகப் பழக நினைப்பவரை விலக்கத்தான் வேண்டும். பிள்ளைக்கு நல்லது செய்யும் உறவு ஊர் பார்க்க நடக்கும்.

விளாத்திகுளம் பக்கத்திலிருந்து ஒரு தாய் சென்ற மாதம் எழுதிய கடிதம் என் மேசையில் இருக்கிறது. மூத்தவன் பத்தாம் வகுப்பில் நல்ல மார்க்கு. இளையவன் எட்டாம் வகுப்பு. "சார், சின்னவன் முன்னாடி எல்லாம் சொல்லுவான், இப்போ வாயே திறக்க மாட்டேங்கிறான். கதவைச் சாத்திக்கிட்டு போன்ல இருக்கான். நான் என்ன தப்பு பண்ணினேன்?" என்று கேட்டிருந்தார். அம்மா, முதலில் ஒன்று சொல்கிறேன். பதிமூன்று வயதுப் பிள்ளை கதவைச் சாத்திக்கொள்வதில் பாதி உங்கள் தப்பே இல்லை. அது வயதின் வேலை. தாயிடமிருந்து ஓர் அடி தள்ளி நின்றால்தான் தன் உயரம் அதற்குத் தெரியும். மீதிப் பாதிக்கு ஒரு கதை சொல்கிறேன்.

எட்டயபுரத்துக்கு மேற்கே, கோவில்பட்டியைத் தாண்டி இடைசெவல் என்று ஒரு கிராமம். அந்த ஊர்க்காரர் கு. அழகிரிசாமி எழுதிய 'அன்பளிப்பு' என்ற சிறுகதையைப் படித்திருப்பீர்கள். ஒரு மனிதரைச் சுற்றி எந்நேரமும் தெருப் பிள்ளைகள். புத்தகம் என்றால் அவர்களுக்கு உயிர். அவர் சில பிள்ளைகளுக்கு டைரி பரிசளிக்கிறார். சாரங்கன் என்ற பையனை அவர் நினைக்கவே இல்லை. அந்தப் பிள்ளை அழவில்லை, கேட்கவும் இல்லை. ஒரு நாள் அவரைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போய் உபசரித்துவிட்டு, தானே ஒரு டைரியைக் கொண்டுவந்து நீட்டி, தனக்கு அன்பளித்ததாக எழுதித் தரச் சொல்கிறான். அந்தக் கதையின் பெயரைத் தாங்கிய தொகுப்புக்கு 1970-இல் சாகித்ய அகாடமி விருது கிடைத்தது. நான் அந்தக் கதையை எப்போது எடுத்தாலும் கடைசிப் பக்கத்தில் கண் கலங்காமல் மூடியதில்லை. பிள்ளைகளில் வேறுபாடு காட்ட வேண்டும் என்று அந்த மனிதர் நினைக்கவில்லை. கெட்டிக்காரப் பிள்ளைகள் மீது கண் போய்விட்டது, அவ்வளவுதான். அம்மா, உங்கள் வீட்டில் மூத்தவனின் மார்க்கைப் பற்றிப் பேசும் நேரத்தில் சின்னவன் எங்கே நிற்கிறான் என்று ஒரு வாரம் கவனித்துப் பாருங்கள்.

அதே இடைசெவலில், அழகிரிசாமி பிறந்த அதே 1923-இல் பிறந்தவர் கி. ராஜநாராயணன். இருவரும் சேர்ந்து வளர்ந்தவர்கள். கி.ரா.வின் படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. ஆனால் இருவரும் ஒருவருக்கொருவர் வகுப்பறையாக இருந்தார்கள். கைக்குக் கிடைத்த புத்தகங்களைப் படித்தார்கள், விளாத்திகுளம் சுவாமிகளின் பாட்டில் கிறங்கிக் கிடந்தார்கள். அழகிரிசாமி பட்டணம் போனபின் கி.ரா.வுக்கு எழுதிய கடிதங்களே ஒரு நூலாகும் அளவுக்கு வந்தன. "பிரெண்ட்ஸ் சேர்ந்துதான் கெட்டுப்போறான்" என்று நாம் சொல்கிறோம். பிரெண்ட்ஸ் சேர்ந்துதான் கி.ரா.வும் கு.அ.வும் வந்தார்கள்.

நண்பனுக்கு அந்த வயதில் ஏன் இத்தனை பலம் என்பதற்குக் காரணம் மூளையில் இருக்கிறது. ஆசையும் கிளர்ச்சியும் சார்ந்த பகுதிகள் பூப்பெய்தும் வயதிலேயே விழித்துக்கொள்கின்றன. நிதானம் சொல்லும் நெற்றிப்பக்க மூளையோ இருபது வயதைத் தாண்டியும் முதிர்ந்துகொண்டிருக்கிறது. அமெரிக்காவில் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க்கும் அவர் மாணவியும் 2005-இல் வெளியிட்ட ஒரு சோதனையில், கார் ஓட்டும் கணினி விளையாட்டை வளரிளம் பிள்ளைகளைத் தனியாகவும் நண்பர்கள் பார்க்கவும் ஆட வைத்தார்கள். நண்பர்கள் பக்கத்தில் இருந்தபோது பிள்ளைகள் இன்னும் அதிகமாகத் துணிந்து ஆபத்தில் இறங்கினார்கள். பெரியவர்களிடம் அந்த வேறுபாடு இல்லை. தூத்துக்குடி பைபாஸில் ஒரே பைக்கில் மூன்று பேராய்ப் பறக்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு இந்தச் சோதனை நினைவுக்கு வரும். தனியாகப் போனால் அவன் அப்படி ஓட்ட மாட்டான். அதே உந்துதலை ஒரு மைதானத்தில் கொண்டுபோய் விட்டால் என்ன ஆகும் என்பதையும் பக்கத்தில் கோவில்பட்டி காட்டியிருக்கிறது. அங்கே ஹாக்கி மட்டை பிடிக்காத தெரு குறைவு. அந்த ஊர் மாரீஸ்வரனும், அரியலூரிலிருந்து வந்து அங்கே விடுதியில் தங்கி விளையாடிய கார்த்தியும் 2022-இல் ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடினார்கள். விடியற்காலையில் அந்த மைதானத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். சின்னவனுக்கு மட்டை பிடிக்கும் விதத்தைச் சொல்லிக்கொடுப்பது பெரும்பாலும் இன்னொரு பையன்தான்.

செல்போனைப் பற்றி நீண்ட பிரசங்கம் செய்ய மாட்டேன். எனக்கு இருக்கும் பெரிய கவலை அது திருடும் தூக்கம். வளரிளம் வயதில் தூக்கம் வரவைக்கும் சுரப்பு இயல்பாகவே ஒன்றிரண்டு மணி நேரம் தாமதமாகத்தான் சுரக்கிறது. பிள்ளை சோம்பேறி ஆகிவிடவில்லை, அதன் உடம்புக் கடிகாரம் தள்ளிப் போயிருக்கிறது. எட்டு முதல் பத்து மணி நேரம் தூங்க வேண்டிய பிள்ளை, போர்வைக்குள் நள்ளிரவு வரை வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஐந்து மணி டியூஷனுக்கு எழுந்தால் எரிந்து விழாமல் என்ன செய்யும்? இரவில் வீட்டிலுள்ள எல்லாப் போன்களும், அப்பாவுடையதும் சேர்த்து, ஒரே அலமாரியில் தூங்கட்டும்.

இனி பெண் பிள்ளைகள். சுப்பையாவுக்குக் கல்யாணம் ஆனது 1897-இல். அவனுக்குப் பதினான்கு வயது, கடையத்துச் செல்லம்மாவுக்கு ஏழு. நாம் மேடைகளில் இதை ஒரு வரியில் கடந்துவிடுகிறோம். ஏழு வயது என்றால் பால்பல் விழும் வயது. சுப்பையாவிடம் இந்த ஊர் காது கொடுத்துக் கேட்டது. அந்தச் சிறுமி என்ன விளையாடினாள், எதை நன்றாகச் செய்தாள் என்று கேட்டு எழுதிவைத்தவர் இல்லை.

அதற்குப் பிறகும் வெகுகாலம் கரிசல் கிராமத்துப் பெண் பிள்ளைக்கு இந்தப் பத்து வருஷம் கிடைக்கவில்லை. தீப்பெட்டி ஆபீஸ் அதை எடுத்துக்கொண்டது. விடியாத இருட்டில் வண்டி வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போன காலத்தை நாற்பது வயதைத் தாண்டிய வாசகிகள் பலர் தங்கள் கண்ணாலேயே பார்த்திருப்பீர்கள், சிலர் அந்த வண்டியில் போயிருப்பீர்கள். குச்சி அடுக்கிய விரலால் பென்சில் பிடிக்க வராது என்று ஒரு அக்கா என்னிடம் சொன்னார். அவருக்கு இப்போது ஐம்பத்தைந்து வயது. ஒரு குரோஸ் என்றால் 144 பெட்டி என்பதுதான் அவர் கற்ற முதல் கணக்கு. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், பிள்ளைகளை வேலைக்கு வைத்தவர் ஒரு பிள்ளைக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. பதினான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளையை எந்தக் கூலி வேலையிலும் வைக்கக்கூடாது, பதினெட்டு வரை ஆபத்தான வேலையில் வைக்கக்கூடாது என்று 2016-இல் சட்டம் திருந்தியது. அந்த அக்காவின் பேத்தி இன்று ஒன்பதாம் வகுப்பு.

வண்டியை நிறுத்தியது சட்டம் மட்டும் அல்ல, சோறும்தான். மதிய உணவுத் திட்டத்தைக் காமராஜர் 1956-இல் தொடங்கி வைத்தது இந்த எட்டயபுரத்தில்தான் என்பதை வெளியூர் வாசகர்களுக்குப் பெருமையோடு நினைவூட்டுகிறேன். 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். 1984-இல் பத்து முதல் பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கும் அது நீண்டது. 2022-இல் மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது, ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு. நல்ல திட்டம், கைகூப்பி வரவேற்றோம். ஆனால் ஆறாம் வகுப்புக்குப் போன பிள்ளைக்குப் பசி நின்றுவிடாது. உடம்பு ஓங்கி வளரும் வருஷமே அப்போதுதான் தொடங்குகிறது. பெண் பிள்ளைக்கு எட்டிலிருந்து பதிமூன்று வயதுக்குள்ளும், ஆண் பிள்ளைக்கு ஒன்பதிலிருந்து பதினான்குக்குள்ளும் பருவ மாற்றம் ஆரம்பிக்கிறது. அந்த வேளையில்தான் அதிகம் சோறு வேண்டும், இரும்புச்சத்து வேண்டும். இந்தத் தட்டு மேல் வகுப்புகளுக்கும் போக வேண்டும் என்று இந்தப் பத்திரிகை கேட்கிறது, கேட்டுக்கொண்டே இருக்கும்.

மீசைக்குத் திரும்புகிறேன். 1894-இல் திருநெல்வேலி இந்துக் கல்லூரிப் பள்ளிக்குச் சுப்பையாவை அனுப்பினார்கள். ஆலை நொடித்து, குடும்பம் வறுமையில் விழுந்தபோது, படிக்க உதவி கேட்டு 1897-இல் எட்டயபுரம் மன்னருக்கு அவன் கவிதையிலேயே விண்ணப்பம் எழுதினான். 1898-இல் தந்தை இறந்தார். பதினைந்து வயதில் பெற்றோர் இருவரும் இல்லாத பிள்ளையைக் காசியில் இருந்த அத்தை குப்பம்மாள் அழைத்துக்கொண்டார். அங்கேதான் அவன் குடுமியை எடுத்தான், மீசை வைத்தான், தலைப்பாகை கட்டினான். அத்தையின் கணவர் கிருஷ்ண சிவன் ஆசாரசீலர், மடத்துப் பூஜைக்காரர். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடவே மறுத்தார் என்பார்கள். பிறகு ஒரு திருவாதிரை நாளில், தேவாரம் பாட வேண்டிய ஓதுவார் வராமல் போனபோது, அத்தை இவனைப் பாடச் சொன்னதாகவும், பாட்டைக் கேட்ட மாமா மனம் இளகி அணைத்துக்கொண்டதாகவும் சொல்வார்கள். இன்று மேடையில் நாம் பிள்ளைகளுக்குக் கண்மையால் வரையும் மீசை, ஒரு காலத்தில் வீட்டில் சண்டை மூட்டிய மீசை. பதினாறு வயதுப் பையன் தலைமுடியைச் செம்பட்டையாக்கிக்கொண்டு வந்து நின்றால் நமக்கு வரும் கோபம்தான் கிருஷ்ண சிவனுக்கும் வந்தது. குப்பம்மாள் அத்தை மீசையைப் பார்க்கவில்லை. இவனுக்குப் பாட வரும் என்பதை நினைவில் வைத்திருந்தார்.

ஓர் அவசரச் சேதி. நீங்கள் காது கொடுக்கும் பிள்ளை, யாரோ தன்னைத் தொட்டதையோ அடித்ததையோ சொன்னால், அதை உங்களுக்குள் வைத்துக்கொள்ளாதீர்கள். 1098 என்ற எண்ணில் சொல்லுங்கள். உயிர் வாழப் பிடிக்கவில்லை என்று ஒரு பிள்ளை சொன்னால், விளையாட்டுக்குச் சொல்கிறது என்று ஒதுக்காதீர்கள். 14416-ஐ அழைத்தால் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசுவார்கள்.

வேப்பமரத்தடிப் பையனைப் பாதியில் விட்டுவிட்டேன்.

"நீ பாட்டு எழுதுவியா?" என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினான். "படம் வரைவியா? பேசுவியா?" எல்லாவற்றுக்கும் இல்லை. மாறுவேடப் போட்டியில் பெயர் கொடுத்தது டீச்சராம். "சரி, உனக்கு எது பிடிக்கும்?" என்றேன். என்னை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு பைக்குள் கையை விட்டு நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்தான். கட்டங்கள் போட்டு, ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்திருந்தது. அவன் ஊர் விலக்கில் நிற்கும் ஒவ்வொரு பஸ்ஸின் நேரம், நம்பர், எங்கிருந்து எங்கே, எந்த டிரைவர் அண்ணன் கை காட்டினால் நிறுத்துவார், எந்த வண்டி செவ்வாய்க்கிழமைகளில் தாமதம் எல்லாம் பென்சிலில் எழுதியிருந்தான். மூன்று மாதக் கணக்கு.

"செவ்வாய்க்கிழமை ஏன் லேட்டு?"

"அதான் சார், மொதல்ல எனக்கும் புரியல," என்று தரையில் இன்னும் கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டான். மீசை இருந்த பக்கத்தைப் புறங்கையால் துடைத்துவிட்டு, நோட்டின் இரண்டாவது பக்கத்தைத் திருப்பினான். சாலையில் 4.10 போயிற்று. அவன் ஐந்தாவது பக்கத்தில் இருந்தபோது 4.25-உம் போயிற்று. தலையைத் தூக்காமலே, "அது 4.27, சார்" என்றான்.

அன்புடன்,
ஆசிரியர்